லேட்டன்சி என்றால் சுணக்கம்

மாங்காய் சீசன், ஜூன் மாதம். கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலை வரைக்கும் நின்றிருந்தன. எடைமேடை அறையில் இருந்த தம்பி வண்டி எண்ணைத் தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகு நான்கு எண்களும் மொத்தமாக வந்து விழுந்தன. "எட்டு அடிச்சா எட்டு வரலைணா. வரலையேன்னு இன்னொரு தரம் அடிச்சா ரெண்டு எட்டு வந்துடுது" என்றார். அன்று ஒரு எடைச் சீட்டு தப்பான வண்டி எண்ணில் போய்விட்டது. அந்த விவசாயி பணம் வாங்க மறுநாளும் வர வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அதற்கு ஒரு வாரம் முன்புதான் முதலாளி 50 எம்பிபிஎஸ் (Mbps, வினாடிக்கு மெகாபிட்) இணைய இணைப்பை 200 ஆக உயர்த்தியிருந்தார். எல்லோரும் "ஸ்பீடு இல்லை" என்றார்கள், அவரும் ஸ்பீடு வாங்கினார். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதற்குப் பெயர் லேட்டன்சி. நம் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரு சொல் புழங்காததால் எல்லாவற்றையும் 'ஸ்பீடு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பணமும் அங்கேதான் போகிறது.

லேட்டன்சிக்கு வேர் லத்தீன் மொழியின் 'லத்தேரே'. பொருள், மறைந்திருத்தல். பள்ளிப் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பமும் இதே வேரில் வந்ததுதான். பனிக்கட்டி உருகும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பம் வெப்பமானியில் தெரியாமல் மறைந்திருப்பதால் அந்தப் பெயர். ஒன்றைத் தூண்டியதற்கும் அதன் விளைவு கண்ணுக்குத் தெரிவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறிக்கவும் இச்சொல் வந்தது. கணினி வலையமைப்பில் அந்தப் பொருள்தான் நிலைத்தது: நாம் அனுப்பியது போய்ச் சேரும் வரை, அல்லது போய் பதிலோடு திரும்பும் வரை ஆகும் நேரம். இதை மில்லி வினாடியில் அளக்கிறார்கள். ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று.

வேரைப் பார்த்து மொழிபெயர்த்தால் 'உள்ளுறைவு', 'மறைநிலை' என்று வரும். தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்துக்கு அந்தச் சொல் அழகாகப் பொருந்துகிறது. எடைமேடைத் தம்பிக்கு அது ஒன்றும் சொல்லாது. பலரும் எழுதுவது 'தாமதம்'. அது வடமொழித் தாமஸத்திலிருந்து வந்தது. சாத்விகம், ராஜசம், தாமதம் என்று மூன்று குணம் சொல்வார்களே, அந்தத் தாமதம். இருளும் மந்தமும் அதன் முதற்பொருள். இருளில் பிறந்த சொல்லும் மறைவில் பிறந்த சொல்லும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் தாமதம் என்றதும் குறித்த நேரம் தவறியதுதான் மனதில் வருகிறது. தர்மபுரி பஸ் பத்து நிமிடம் தாமதம் என்போம். லேட்டன்சியில் தவறுவதற்குக் குறித்த நேரம் என்று ஒன்று இல்லை. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் உள்ள தயக்கம் மட்டும்தான்.

அந்தத் தயக்கத்துக்குத் தமிழில் ஏற்கனவே சொல் இருக்கிறது: சுணக்கம். 'எந்த நேரம் கூப்பிட்டாலும் முகம் சுணங்காமல் வருவார்' என்கிறோம். கூப்பிட்ட நொடிக்கும் அவர் எழுந்த நொடிக்கும் நடுவில் ஒரு தயக்கம் இல்லை என்பதுதானே பொருள்? லேட்டன்சிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. (சங்கப் பாடல்களில் வரும் 'சுணங்கு' தேமலைக் குறிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எம்பிபிஎஸ் கணக்கில் விற்கப்படுவது பேண்ட்வித். பட்டையகலம் என்றும் கற்றையகலம் என்றும் எழுதுகிறார்கள். ஒரு வினாடியில் எவ்வளவு தரவு போகும் என்பது அது. கடைக்காரரிடம் பேசும்போது 'அகலம்' என்றாலே போதும்.

அகலத்துக்கும் சுணக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த 'நடை'யை வைத்துச் சொல்லலாம். ஒரு லாரி ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கும் என்றுதானே கேட்கிறோம்? தர்மபுரியில் ஒரு புளி மண்டியின் கணக்கு மென்பொருளைப் பார்த்தேன். தரவுக் கோப்பு சேலத்துக் கணினியில். இங்கிருந்து விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதுகாப்பு வழி) வழியாக அந்தக் கோப்புறையைத் திறந்து வேலை செய்கிறார்கள். ஒரு பேரேட்டைத் திறக்க, இங்கேயிருக்கும் மென்பொருள் அங்கேயிருக்கும் கோப்பிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. 300 நடை என்று வைத்துக்கொள்வோம். ஒரே அறைக்குள் கம்பி போட்டிருந்தால் ஒரு நடைக்கு 1 மில்லி வினாடிகூட ஆகாது, மொத்தமும் அரை வினாடிக்குள் முடியும். விபிஎன் வழியில் ஒரு நடைக்கு 40 என்றால் 12 வினாடி. ஒவ்வொரு நடையிலும் போவது ஒரு சீட்டு. சீட்டு கொண்டு போக டிப்பர் லாரி வாங்கினாலும் நடை குறையாது, நேரமும் குறையாது.

அதனால்தான் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்குக் கோப்பைத் திறந்துவிடாதீர்கள், திரையைத் திறந்துவிடுங்கள் என்கிறேன். ரிமோட் டெஸ்க்டாப் என்பது அதுதான். மென்பொருளும் கோப்பும் அங்கேயிருக்கும் மையக் கணினியான சர்வரிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அந்த 300 நடையும் அங்கேயே முடிந்துவிடும். நம்மிடமிருந்து விசைத் தட்டல் போகும், திரைப் படம் வரும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை திறந்தபடி இருக்கும், மறுபடி நுழைந்து விட்ட இடத்தில் தொடரலாம். கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அறுந்தால் தரவே கெட்டுப்போக வாய்ப்புண்டு. இன்னொன்று: ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன்னுக்குள் வையுங்கள்.

சரி, எவ்வளவு வேண்டும்? அகலம் நினைப்பதைவிடக் குறைவுதான். மைக்ரோசாஃப்ட் தரும் கணக்குப்படி எளிய பதிவு வேலைக்கு ஒருவருக்கு 1.5 எம்பிபிஎஸ், சாதாரண அலுவலக வேலைக்கு 3. ஐந்து பேருக்கு 15 போதும். சுணக்கம் 150 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதே. என் அனுபவத்தில் 50-க்குள் இருந்தால்தான் நாள் முழுக்கத் தட்டுபவருக்குக் கை நோகாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லி வினாடி. ஆகவே சர்வர் சென்னையிலோ மும்பையிலோ இருந்தால் கவலை இல்லை. அமெரிக்காவில் இருந்தால் 200-ஐத் தாண்டிவிடும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழி என்றால் அரை வினாடி. அங்கே எவ்வளவு அகலம் வாங்கினாலும் பயனில்லை.

சுணக்கத்தை அளக்கக் காசு வேண்டாம். கணினியிலேயே 'பிங்' கட்டளை இருக்கிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க நிரலாளர் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலியின் பெயரையே வைத்தார். சர்வரின் முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு நடைக்கும் எத்தனை மில்லி வினாடி என்று வரிவரியாகக் காட்டும். நான்கு வரியோடு நிறுத்தாமல் நூறு வரி ஓட விடுங்கள். 30, 32, 31 என்று ஒரே சீராகப் போனால் நல்லது. 30, 210, 45 என்று குதித்தால் அதுவும் கோளாறுதான், அதை ஜிட்டர் என்பார்கள். 'சுணக்கத் தடுமாற்றம்' என்று சொல்லிப் பார்க்கிறேன், புரிகிறது.

எடைமேடை அறையிலும் அதைத்தான் செய்தேன். அங்கே எடை மென்பொருள் ஓடுவது ரிமோட் டெஸ்க்டாப்பில், சர்வர் சென்னையில். காலை ஆறு மணிக்கு 22 காட்டியது. பத்து மணிக்கு 430. நடுவில் நடந்தது என்ன என்று தேடினால், அலுவலகம் திறந்ததும் பதினாறு கேமராக்களும் தம் படங்களை மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றத் தொடங்குகின்றன. முதலாளி வாங்கிய 200 இறக்கத்துக்கு (டவுன்லோடு) மட்டும். ஏற்றம் (அப்லோடு) பழைய 10-லேயே இருந்தது. கேமரா படங்கள் அந்த 10-ஐ நிரப்பி வரிசை கட்டி நிற்க, தம்பி தட்டிய ஒரு 'எட்டு' அந்த வரிசையின் வாலில் போய் நின்றிருக்கிறது. வாசலில் டிராக்டர்கள் நின்றது போலத்தான்.

கேமராக்களுக்கு 4 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாதபடி, இணைப்பைப் பங்கிடும் பெட்டியான ரவுட்டரில் வரம்பு வைத்தேன். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு முன்னுரிமை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், கோடை மழைக்குக் கரண்ட் போனாலும் இணைப்பு நிற்க. பத்து மணிக்கு மறுபடி ஓட்டிப் பார்த்தோம்: 24, 23, 26, 24. தம்பி எட்டைத் தட்டினார், எட்டு வந்தது. அப்புறம் ஒரு நாள் அவரே போன் செய்தார்: "சுணக்கம் எண்பதுக்குப் போகுதுணா, யாரோ எதையோ ஏத்துறாங்க."