எடை சமம் மில்லிகிராம்

இயற்பியல் புத்தகத்தில் ஒரு வரி: டபிள்யூ, சமக்குறி, எம், ஜி. நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை. பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம். நாலு பக்கம் தள்ளி, 500 எம்ஜி மாத்திரையைப் பற்றி ஒரு கணக்கு வருகிறது. இரண்டு இடத்திலும் அச்சில் இருப்பது அதே இரண்டு எழுத்துகள். கண்ணால் படிப்பவர் ஒன்றை "எம் ஜி" என்றும் இன்னொன்றை "மில்லிகிராம்" என்றும் யோசிக்காமலே படித்துவிடுவார். கணினி உரக்கப் படிக்க, அதைக் காதால் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவிக்கு எது விழும்? அவசரக்கார மென்பொருளாக இருந்தால் முதல் வரியை "எடை சமம் மில்லிகிராம்" என்று படித்துவிடும். தயங்கும் மென்பொருள் மாத்திரையில் "500 எம் ஜி" இருப்பதாகச் சொல்லும். இரண்டாவதில் பாதகம் குறைவு. முதலாவதில் இயற்பியலே போய்விடுகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துகளை அப்படியே போடாமல், காதில் விழுகிறபடி "எம்", "ஜி" என்றே எழுதப்போகிறேன். படிக்கக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள், வைத்துக் கணக்குப் படிப்பவர்களுக்குத் தினமும் அந்த எரிச்சல்தான்.

கண் எப்படித் தப்பிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அலகுகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்குப் பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் நகரில் உள்ள சர்வதேச எடை அளவைகள் அலுவலகம் ஒரு கையேடு வெளியிடுகிறது. நிறை, நீளம் போன்ற மாறிகளின் எழுத்து சாய்ந்திருக்க வேண்டும், அலகின் எழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். அலகின் குறியீடு சுருக்கெழுத்தே அல்ல, அது ஒரு கணிதக் குறி. ஆகவே பின்னால் புள்ளி வைக்கக் கூடாது, பன்மை விகுதியும் சேர்க்கக் கூடாது. சாய்வு, இடைவெளி, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு ஆகிய இந்த மூன்றை வைத்துத்தான் கண் வேலை செய்கிறது. குரலுக்குச் சாய்வு கிடையாது. இடைவெளி கேட்காது. எழுத்து பெரிதா சிறிதா என்பதும் தொடர்ந்து படிக்கும்போது தெரியாது.

விளைவு சின்னதல்ல. சின்ன எம் போட்ட வாட் என்றால் மில்லிவாட், பெரிய எம் போட்டால் மெகாவாட். இரண்டுக்கும் நடுவே நூறு கோடி மடங்கு. இரண்டையும் "எம் டபிள்யூ" என்று ஒரே குரலில் படித்தால், எல்இடி விளக்கும் மின் நிலையமும் ஒன்றாகிவிடும். இடைவெளியும் அப்படித்தான். எம், எஸ் இரண்டையும் ஒட்டி எழுதினால் மில்லிவினாடி. இடைவெளி விட்டு எழுதினால் மீட்டரையும் வினாடியையும் பெருக்கியது. தலைக்கு மேலே ஒரு மைனஸ் ஒன்று போட்டால் இடைவெளி விட்டது வேகம், ஒட்டியது "மில்லிவினாடிக்கு இத்தனை தடவை" என்கிற அதிர்வெண் மாதிரியான சங்கதி.

வெறும் உரையாக வலையில் ஏற்றிய கணக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலெழுத்தை அறிவிக்கும் வசதி ஸ்கிரீன் ரீடரில் இயங்காமல் இருந்தால், பத்தின் அடுக்கு எட்டு என்பது "நூற்றெட்டு" ஆகிவிடும். ஒளியின் வேகம் வினாடிக்கு மூன்று பெருக்கல் நூற்றெட்டு மீட்டர். ஒலியின் வேகத்தை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கணிதத்தைக் காதுக்கு மாற்றும் யோசனை கணினிக்கு முந்தியது. அமெரிக்கக் கணிதவியலாளர் ஆபிரகாம் நெமத் பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதத்துக்கென்று அவர் அமைத்த பிரெய்ல் முறை 1952-இல் ஏற்கப்பட்டது. பார்வையுள்ளவர்கள் தனக்குக் கணக்கை வாசித்துக் காட்டும்போது குழப்பமில்லாமல் வாசிக்க, 'மேத்ஸ்பீக்' என்ற ஓர் ஒழுங்கையும் அவர் வகுத்தார். தாளில் இருப்பதை ஒன்று விடாமல் சொல், பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் போக்கு. புனேயில் வளர்ந்து, பதினான்கு வயதில் கண்ணழுத்த நோயால் பார்வை இழந்த டி. வி. ராமன் வேறு வழியில் போனார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், கணினி சமன்பாட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டு குரலையே மாற்றிப் படிக்கும்படி செய்தார். மேலெழுத்து வந்தால் சுருதி ஏறும். அந்த மென்பொருளுக்கு 'ஆஸ்டர்' என்று பெயர் வைத்தார். அது அவருடைய வழிகாட்டி நாயின் பெயர்.

எழுதியதைச் சொல்வதா, பொருளைச் சொல்வதா? இந்த இரண்டு வழிக்கும் நடுவில் இன்றுவரை இழுபறிதான். அலகு விஷயத்தில் அது நன்றாகவே தெரியும்.

இப்போது வலைப்பக்கங்களில் சமன்பாட்டை எழுத மேத்எம்எல் என்ற குறிமொழி இருக்கிறது. 1998-இல், வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதைப் பரிந்துரையாக்கியது. இதில் சமன்பாட்டைத் துண்டு துண்டாக்கி, பெயர்களை ஒரு வகைப் பெட்டியிலும், எண்களை ஒரு வகையிலும், கூட்டல் கழித்தல் போன்ற செயற்குறிகளை இன்னொரு வகையிலும் போடுவார்கள். ஒரே எழுத்து உள்ள பெயர்ப்பெட்டி தானாகச் சாயும். பல எழுத்து இருந்தால் நிமிர்ந்து நிற்கும். ஆகவே எம்முக்கு ஒரு பெட்டி, ஜிக்கு ஒரு பெட்டி என்றால் பெருக்கல். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் மில்லிகிராமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கிறது அல்லவா? மீட்டரும் வினாடியும் கிராமும் ஒற்றை எழுத்து அலகுகள். அங்கே மறுபடியும் மாட்டிக்கொள்கிறோம். எழுதுகிறவர் நிமிர்ந்த வடிவத்தைக் கேட்டு வாங்கலாம், ஆனால் பலர் கேட்பதில்லை. அவர்களுக்குத் திரையில் பார்க்க நன்றாக இருந்தால் போதும்.

அதனால் ஊகிக்க விடாமல், "இது அலகு" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. 2003-இல் டபிள்யூ3சி வெளியிட்ட குறிப்பு ஒன்று, அலகுப் பெட்டியின் மேல் 'மேத்எம்எல்-யூனிட்' என்று ஒரு சீட்டு ஒட்டச் சொன்னது. மேத்எம்எல்லின் உருவாகிவரும் நான்காம் பதிப்பில் 'இன்டென்ட்', அதாவது உள்ளக்கருத்து, என்ற பண்பு வருகிறது. எம் என்ற பெட்டிக்கு அதன் வழியாக 'யூனிட்' என்று அடையாளம் கொடுத்துவிட்டால், திரையில் எதுவும் மாறாது. காதில் மட்டும் "மீட்டர்" என்று விழும்.

சீட்டைப் பார்த்ததும் பேச்சு மென்பொருள் என்ன செய்கிறது? நீல் சாய்ஃபர் உருவாக்கிய மேத்கேட், வோல்கர் சோர்க் உருவாக்கிய ஸ்பீச் ரூல் எஞ்சின் இரண்டும் இந்த வேலைக்கு அலகு அகராதிகள் வைத்திருக்கின்றன. கிலோ, மில்லி போன்ற முன்னொட்டுகள், 2022-இல் சேர்ந்த ரோனா, குவெட்டா, ரோன்டோ, குவெக்டோவையும் கணக்கில் எடுத்தால், 24. எல்லா அலகையும் எல்லா முன்னொட்டோடும் சேர்த்து எழுதி வைப்பது வீண் வேலை. முன்னொட்டைத் தனியாகக் கழற்றத் தெரிந்தால் போதும். ஆனால் கண்டபடி கழற்றவும் கூடாது. சி, டி என்பது ஒளிச்செறிவின் அலகான கேண்டெலா. சியைச் சென்டி என்று கழற்றினால் நூறில் ஒரு பங்கு நாள் ஆகிவிடும். எம், ஐ, என் என்பது நிமிடம். கழற்றினால் மில்லி அங்குலம். முதலில் முழுச் சொல்லாகத் தேடு, கிடைக்காவிட்டால் மட்டும் பிரி. கடைசியில் ஆங்கிலத்துக்கு ஒரு வேலை: ஒன்று என்றால் மீட்டர், இரண்டு என்றால் மீட்டர்ஸ், ஹெர்ட்ஸுக்குப் பன்மை கிடையாது, "பர்" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது எப்போதும் ஒருமை.

எழுத்தே ஏமாற்றும் இடங்களும் உண்டு. மின்தடையின் அலகான ஓமுக்குக் கிரேக்க ஒமேகா. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ஓம் குறிக்கென்று தனியிடம் இருக்கிறது, கிரேக்க எழுத்துக்கு வேறிடம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தனி இடத்தை விட்டுவிட்டுக் கிரேக்க எழுத்தையே பயன்படுத்தச் சொல்கிறது யூனிகோட். அப்படிச் செய்தால் குரல் "ஐந்து ஒமேகா" என்கிறது. மைக்ரோவுக்கான மியூவுக்கும் இதே கதை. அதோடு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. பழைய 'சிம்பல்' எழுத்துருவில் மியூ வேண்டுமென்றால் எம் விசையைத் தட்ட வேண்டும். திரையில் மியூ தெரியும், கோப்புக்குள் இருப்பது எம். எழுத்துரு கழன்றால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். மருந்தில் ஆயிரம் மடங்கு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இது புரியும். பாமினியில் "அம்மா" என்று தெரிவது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஸ்கிரீன் ரீடரும் அதைத்தான் படிக்கும். கண்ணுக்கு மட்டும் சரியாக இருக்கும்படி எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

தமிழில் இந்த வேலையை எப்படிச் செய்வது என்று யோசித்தால்தான் எனக்குச் சுவாரசியம் கூடுகிறது. ஆங்கில விதிகளைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஓடாது.

பன்மைத் தொல்லை நமக்கு இல்லை. இரண்டு மீட்டர் துணி என்றுதான் கேட்கிறோம், மீட்டர்கள் என்று கேட்பதில்லை. பாடப்புத்தகத்தின் "மீவி" என்ற சுருக்கம்கூட ஒரு விதத்தில் ஆங்கிலத்தை விட மேல். மில்லி குறில், மீட்டர் நெடில். ஒட்டி எழுதினாலும் "மிவி" வேறு, "மீவி" வேறு. ஆனால் "கி.கி." என்று வந்தால் முதல் "கி" கிலோ, இரண்டாவது "கி" கிராம். பக்கத்தில் "கி.பி." வந்தால் கிறிஸ்து. நிலவரைபடத்தில் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் வந்தால் கிழக்கு. அகராதியில் ஒற்றைக் "கி"க்கு என்ன எழுதுவது?

அதை விடப் பெரிய முடிச்சு வேற்றுமை உருபு. "5 கி.மீ.க்கு அப்பால்", "250 மி.லி.யில் கரைக்கவும்", "10 கி.கி.யைத் தூக்க". இங்கே உருபு சுருக்கத்தின் ஒலியைப் பார்த்து ஒட்டியிருக்கிறது. "லி" என்று முடிவதால்தான் நடுவில் யகரம் வந்தது. விரிக்கும்போது அந்த யகரம் போக வேண்டும். "மில்லிலிட்டர்யில்" என்று எந்தத் தமிழரும் பேசுவதில்லை, "மில்லிலிட்டரில்" என்பார். அதேபோல் "கிலோமீட்டர்க்கு" அல்ல, "கிலோமீட்டருக்கு". ஆக, சுருக்கத்தை எடுத்துவிட்டு முழுப்பெயரை வைத்தால் போதாது. உருபைக் கழற்றி, புணர்ச்சி விதிப்படி புதிதாக ஒட்ட வேண்டும். இதற்குச் சிறியதாக ஓர் இலக்கணப் பொறியே வேண்டும்.

அடுத்தது வரிசை. நீரின் அடர்த்தியை ஆங்கிலத்தில் தாளில் உள்ள வரிசையிலேயே படித்துவிடலாம்: ஆயிரம், கிலோகிராம், பர், கியூபிக் மீட்டர். தமிழில் "கன மீட்டருக்கு 1000 கிலோகிராம்". கோட்டுக்குக் கீழே கடைசியாக இருப்பது வாயில் முதலில் வருகிறது, எண் நடுவில் உட்காருகிறது. எண்ணை முதலில் சொல்லி முடித்துவிட்டு அப்புறம் அலகைப் பார்க்கும் நிரல் இங்கே தோற்றுவிடும். எண்ணையும் அலகையும் சேர்த்து ஒரே கிளையாகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க முடியும். வாயு மாறிலி வந்தால் "மோலுக்கு, கெல்வினுக்கு 8.314 ஜூல்". ஈர்ப்பு முடுக்கம் வந்தால் "வினாடிக்கு வினாடிக்கு 9.8 மீட்டர்" என்று சொல்லலாம், கேட்க நன்றாகவே இருக்கிறது. "சதுர வினாடிக்கு" என்றால் சிரிப்பு வரும். சதுரமும் கனமும் நீள அலகுகளுக்கு மட்டும் பொருந்துகிற சொற்கள்.

இவ்வளவு அழகாகச் சொல்லித் தந்தாலும் வகுப்பில் ஆசிரியர் என்ன சொல்கிறார்? தமிழ் வழிப் பள்ளியிலும் பெரும்பாலும் "ஒன்பது புள்ளி எட்டு மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர்" என்றுதான் காதில் விழும். அதில் தவறில்லை. கணக்கு நடுவில் அலகுகளை அடித்துச் சுருக்கும்போது, மேலே என்ன, கீழே என்ன என்று தாளின் வரிசையிலேயே கேட்பதுதான் வசதி. விடையை வாக்கியமாகச் சொல்லும்போது "வினாடிக்கு இத்தனை மீட்டர்" சரி. இரண்டையும் வைத்துக்கொண்டு, கேட்பவரையே தேர்ந்தெடுக்க விடலாம் என்பது என் கட்சி. மேத்கேட்டில் சுருக்கம், நடுத்தரம், விரிவு என்று மூன்று அளவில் பேசவைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதுபோல இன்னொரு விசை.

முழுப்பெயரை மட்டுமே கேட்டு வளர்ந்தால் குறியீட்டை எப்போது கற்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தேர்வில் அந்தப் பார்வையற்ற மாணவி எழுத்தரிடம் சொல்லி எழுதவைத்தாலும், தானே தட்டச்சு செய்தாலும், கிலோ பாஸ்கலில் எந்த எழுத்து பெரியது, எது சிறியது என்று தெரிந்திருக்க வேண்டும். குரல் "கிலோ பாஸ்கல்" என்று சொல்லும்போதே விரலடியில் உள்ள பிரெய்ல் பலகையில் குறியீடு எழுந்து நிற்கலாம். அந்தக் கருவி விலை அதிகம், எல்லோரிடமும் இருக்காது. இல்லாதவர்கள் அம்புக்குறி விசையால் அந்தச் சொல்லுக்குள் இறங்கி, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்பார்கள்: சின்ன கே, பெரிய பி, சின்ன ஏ.