புரோப்: துருவியா, துழாவியா?

"குடும்ப நினைவுகளை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள்?" என்று ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். "வாட்ஸப் குரூப்பில் போடுவோம்" என்பார்கள். பீரோவின் மேல்தட்டில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கும் ஆல்பம் பேச்சில் வராது, ஏனென்றால் கேள்வி அந்தப் பக்கம் போகவே இல்லை. சரி, நேரில் போய் உட்கார்ந்து பார்க்கலாமென்றால், விருந்தாளி வந்த வீடு அன்றாட வீடாக இருப்பதில்லை. கேட்டும் கிடைக்காததை, பார்த்தும் கிடைக்காததைப் பிடிக்க வடிவமைப்பாளர்கள் கையாளும் முறைக்குக் 'கல்ச்சுரல் புரோப்' என்று பெயர். அதைத் தமிழில் என்னவென்று சொல்வது, நம் வீடுகளில் எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

புரோப் என்பதன் வேர் லத்தீன் 'புரோபாரே', சோதித்துப் பார்த்தல். உயிலுக்கு வாங்கும் புரொபேட்டும், புது வேலையில் ஓட்டவேண்டிய புரொபேஷனும் இதே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் அது முதலில் புண்ணின் ஆழம் பார்க்க வைத்தியர் உள்ளே விடும் மழுங்கிய கோலைக் குறித்தது. நம் வைத்திய வழக்கில் அது சலாகை. பிறகுதான் விசாரணை, விண்கலம் எல்லாம்.

வடிவமைப்புக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் பில் கேவர், டோனி டன், எலெனா பசென்டி என்ற மூன்று வடிவமைப்பு ஆய்வாளர்கள். 1999இல் எழுதிய கட்டுரையில், வைத்தியக் கோலையும் விண்கலத்தையும் போல, விட்டுவிட்டு வந்தபின் துண்டு துண்டாகச் சேதி அனுப்பும் பொருள் என்று விளக்கினார்கள். ஓஸ்லோவின் மயோர்ஸ்துவா, ஆம்ஸ்டர்டாம் பக்கத்து பெய்ல்மர், இத்தாலியில் பீசாவுக்கு வெளியே பெச்சோலி ஆகிய மூன்று இடங்களின் முதியவர்களுக்கு ஒவ்வொரு பொதி கொடுத்தார்கள். அஞ்சலட்டைகள், வரைபடங்கள், ஒருமுறை மட்டும் பயன்படும் கேமரா, ஒரு ஆல்பம், ஒரு நாட்குறிப்பு. ஓஸ்லோக்காரர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். பெச்சோலியிலிருந்து பாதிகூட வரவில்லை. அதையும் தோல்வியாக எண்ணாமல் ஊரின் குணமாகவே படித்தார்கள். பின்னால் லண்டனில் 20 வீடுகளுக்குப் போன பொதியில் இன்னும் குறும்பு: கனவைச் சொல்ல ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. பத்தே நொடி பதியும். அழிக்கவோ திருத்தவோ முடியாது.

இனி, இதற்குத் தமிழ்ச் சொல். 'ஆய்வுக்கருவி' என்று போட்டால் பொருள் கெட்டுவிடும். இது அளக்கும் கருவி இல்லை. வந்த அட்டைகளை எண்ணி 'இத்தனை விழுக்காட்டினர்' என்று எழுதுகிறவர்களைப் பற்றி 2004இல் கேவரும் உடன்பணியாளர்களும் வெளிப்படையாகவே குறைப்பட்டார்கள். 'உளவி'யில் ஒற்றன் வாடை. 'துருவி' இலக்கணப்படி சரிதான். ஆனால் தமிழ் வீட்டில் துருவி என்றால் தேங்காய். எஞ்சுவது துழாவி. இருட்டில் பரணில் கைவிட்டு, என்ன அகப்படும் என்று தெரியாமலே தேடுவதற்குத் துழாவுதல் என்றுதான் சொல்கிறோம். கல்ச்சுரல் என்பதற்குப் 'பண்பாடு' வேண்டாம். அதைக் கேட்டதும் வீட்டார் கோலத்தையும் குத்துவிளக்கையும் படமெடுப்பார்கள். நமக்கு வேண்டியது புழக்கம். ஆகவே, புழக்கத் துழாவி.

இனி, செய்யும் விதம். ஒரு வீட்டுக்கு ஒரு பொதி என்று கணக்கு. தபால்தலை ஒட்டி முகவரி எழுதிய அட்டைகள் எட்டு. எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் ஒன்று முடியாமல் எட்டும் நின்றுவிடும், தனித்தனியே வரட்டும். உடனே படம் துப்பும் கேமராவும் பத்துத் தாள் கொண்ட ஒரு பெட்டியும். போனில் எடுக்கச் சொன்னால் நாற்பது எடுத்து, அழகானதை மட்டும் அனுப்புவார்கள். பத்துத்தான் என்றால் யோசித்து எடுப்பார்கள். ஏழு படங்களுக்குக் குறிப்பு கொடுங்கள், மூன்றை அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். 'உங்களுக்கு முக்கியமான நினைவுப்பொருள்' என்று கேட்டால் பூஜையறையும் கல்யாணப் படமும்தான் வரும். 'யாரும் தூக்கிப்போட விடாத ஒன்று', 'இன்னும் தாத்தாவுடையது என்றே சொல்லப்படுவது', 'கடைசியாக எப்போது திறந்தோம் என்று தெரியாத பெட்டி' என்று கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிசகு ஒன்று உண்டு: வீட்டில் படித்த பிள்ளை உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிவிடும், எட்டு அட்டையும் ஒரே கையெழுத்தில் வரும். ஆளுக்கொரு நிறத்தில் அட்டை கொடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பேசிப் பதியும் கருவி. காலம் இரண்டு அல்லது மூன்று வாரம். ஒரு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள், ஒரு மாதம் என்றால் பொதி மேசை இழுப்பறைக்குள் போய்விடும். திரும்பி வந்ததை மேசையில் பரப்பி, வியப்பாக இருப்பதைத் தனியே எடுத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் பேசப் போகவேண்டும். இந்த இரண்டாம் வருகையை விட்டால் செய்ததில் பாதி வீண்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு: 'டெக்னாலஜி புரோப்', கருவித் துழாவி. அட்டைக்குப் பதில் ஓடுகிற கருவியையே வீட்டில் வைப்பது. முன்மாதிரி என்று இதை மொழிபெயர்ப்பது தவறு. முன்மாதிரியைத் திருத்தித் திருத்திப் பொருளாக்குவார்கள். துழாவி ஒரே ஒரு வேலை செய்யும், எப்போது யார் தொட்டார்கள் என்று குறித்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சுவீடன், பிரான்சு, அமெரிக்கக் குடும்பங்களோடு நடந்த 'இன்டர்லிவிங்' என்ற ஆய்வுத் திட்டத்தின் 'வீடியோபுரோப்' நல்ல உதாரணம். 2003இல் அந்தத் திட்டத்தின் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். உறவினர் வீடுகளில் வீட்டுக்கொரு கேமராவும் திரையும். எதிரே இருப்பது மூன்று நொடி அசையாமல் இருந்தால் படம் எடுத்து அடுத்த வீட்டுத் திரைக்கு அனுப்பும். வந்த படம் நாளாக நாளாக மங்கி, யாரும் எடுத்து வைக்காவிட்டால் மறைந்துபோகும்.