காட்டுக்குள் கூடாரம் போடுவதற்கு முன்: தமிழ்நாட்டு மலையேற்ற அனுமதி

நாலு பேர் சேர்ந்து மலைக்குப் போய், ராத்திரி ஓடைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கி வரும் ஆசை பலருக்கும் உண்டு. ஆனால் நம் மலைக்காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு, சரணாலயம் அல்லது புலிகள் காப்பகம் என்பதால், கூடாரம் இருக்கட்டும், உள்ளே கால் வைக்கவே வனத்துறையின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்குப் போய்விட்டுக் குரங்கணி நோக்கி இறங்கியவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்துகொண்டது, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். அதே ஆண்டுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன.

சரி, முறையாகப் போக என்ன வழி? 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள், வெள்ளியங்கிரி கடினமான பாதைகளில் ஒன்று. முன்பதிவு இணையத்தில்தான். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருவார்கள், அவர்களில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதை ஒடிந்த கிளையையும் சாணத்தையும் பார்த்தே சொல்லக்கூடிய ஆள் முன்னால் நடப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது காட்டுக்குள் போனால்தான் புரியும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். நீங்கள் பதிவு செய்வது அந்தப் பாதையில் நடப்பதற்கான அனுமதி மட்டும்தான், அதை வைத்துக்கொண்டு வழியில் பிடித்த இடத்தில் கூடாரம் போட முடியாது. தனியார் எஸ்டேட்டில் முகாம் நடத்துபவர்கள் "எல்லாம் பேசியாச்சு, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னாலும், எஸ்டேட் எல்லை தாண்டிக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள் என்றால் வனத்துறை கொடுத்த அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், பணம் கட்டிய ரசீது போதாது. உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால், ஆபத்து வரும்போது எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்றே தேடுபவர்களுக்குத் தெரியாது.

அப்புறம், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடுவார்கள். அந்த இரண்டு மாதம் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.