டெட்லாக்: முட்டுக்கட்டையா, பூட்டுச்சிக்கா?

டெட்லாக்கைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்தச் சொல்லுக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் மிகப் பழைய சான்று ஒரு நாடகத்தில் இருக்கிறது. 1779இல் மேடையேறிய ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் ‘தி கிரிட்டிக்’. ஒருவர்மேல் ஒருவர் வாளும் குத்துவாளும் நீட்டி நிற்கிறார்கள். முதலில் கையை எடுக்க எல்லோருக்கும் பயம். அந்த நிலைக்குத்தான் இந்தப் பெயர். ‘டெட்’ இங்கே சாவு அல்ல, ‘அடியோடு’ என்ற பொருள்.

தரவுத்தளத்திலும் அதே காட்சிதான். ஒரு கடையின் இருப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் பரிவர்த்தனை (ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) அரிசிப் பதிவை மற்றவர் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டுப் பருப்பைக் கேட்கிறது. அதே நேரத்தில் இன்னொன்று பருப்பைப் பூட்டிவிட்டு அரிசியைக் கேட்கிறது. எவ்வளவு காத்திருந்தாலும் தானாகத் தீராது. 1965இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா இதைக் ‘கொலைத் தழுவல்’ என்ற பொருளில் குறிப்பிட்டார்.

நம் செய்தித்தாள்கள் பேச்சுவார்த்தை நின்றுபோனால் முட்டுக்கட்டை என்கின்றன. அது தேர்ச்சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டை. உருவினால் தேர் நகரும். ஒரு பரிவர்த்தனை பூட்டை விடாமல் மற்றவற்றைக் காக்கவைக்கிறதே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம். டெட்லாக்குக்கு ஒட்டாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொருவரும் தடுப்பவர், தடுக்கப்படுபவரும் அவரே. இழைகள் தாங்களாகவே ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வது சிக்கு. ஆகவே பூட்டுச்சிக்கு என்பது என் தேர்வு.

இரண்டையும் பிரித்துச் சொல்வது பிழை தேடும்போது உதவும். முட்டுக்கட்டை என்றால் பூட்டைப் பிடித்திருப்பது யார் என்று அப்போதே பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, அமைப்பை மாற்றாமல் விட்டால் 50 நொடி பொறுத்து 1205 என்ற பிழையைத் தரும். (எஸ்கியூஎல் சர்வர் என்ற வேறொரு தரவுத்தளத்தில் அதே எண் சிக்கைக் குறிக்கும், குழம்ப வேண்டாம்.) சிக்கு என்றால் நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் மறைந்திருக்கும். தரவுத்தளமே கண்டுபிடித்து ஒரு பரிவர்த்தனையைப் பலிகொடுத்திருக்கும், அதாவது ரத்துசெய்திருக்கும். இன்னோடிபியில் அதன் எண் 1213. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வழக்கமாக 1 நொடி காத்த பிறகே சிக்கு இருக்கிறதா என்று தேடும்.

அப்புறம் மிஞ்சுவது நடந்ததைத் தரவுத்தளம் குறித்துவைக்கும் பதிவேடு மட்டும். (பூட்டையும் பதிவேட்டையும் தமிழெழுத்தில் ‘லாக்’ என்றே எழுத வேண்டியிருப்பது தனித் தொல்லை.) அதில் தெரிவது கடைசியாகக் காத்துக்கிடந்த கட்டளைதான். முதல் பூட்டை எடுத்த கட்டளை பெரும்பாலும் அதில் இருக்காது; அதே பரிவர்த்தனைக்குள் சற்று மேலே, நிரலில்தான் தேட வேண்டும். அது கிடைத்துவிட்டால் சரி, எல்லா இடத்திலும் பொருள் எண்ணின் ஏறுவரிசையிலேயே பூட்டும்படி மாற்றினால் அரிசியும் பருப்பும் மறுபடி சிக்கிக்கொள்ளாது.