இழுவை இல்லைன்னா உடனே பம்ப்பைக் கழட்டாதீங்க

இழுவை இல்லன்னு பம்ப்பை வீணாப் பிரிச்சுட்டு என் பட்டறைக்கு வர்ற வண்டி, போன வாரம் வந்ததோட சேத்து இந்த வருஷம் எத்தனாவதுன்னு எண்றதையே விட்டுட்டேன். ஆறு சக்கர லாரி, 2005 மாடல், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப் இன்லைன் வகை. ஓனர் உசிலம்பட்டிப் பக்கம், அவரே டிரைவர், மதுரையில அரிசி ஏத்திக்கிட்டு வாரத்துக்கு ரெண்டு நடை குமுளிக்கு அடிக்கிறவர். ஆண்டிபட்டிக் கணவாய்லயே வண்டி திணற ஆரம்பிச்சிருதாம், லோயர் கேம்ப் தாண்டி மலையில ஏறும்போது முதல் கியர்லயும் இழுக்க மாட்டேங்குதாம். என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே பம்ப்பை ரெண்டு தடவை இறக்கி வேலை பாத்தாச்சு. முத தடவை உள்ள டீசலைத் தள்ளுற எலிமெண்ட், டெலிவரி வால்வு பூராம் மாத்தி 28,000 ரூபாய். ரெண்டாவது தடவை வேற இடத்துல, முன்னாடி பாத்தது சரியில்லன்னு சொல்லி திரும்ப டீசல் அளவைச் சரிபண்ற காலிப்ரேஷன் போட்டு, டீசலைக் கூட்டுற ஸ்குரூவையும் கொஞ்சம் ஏத்திவிட்டு 9,000. எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசில் செலவு தனி. வீட்டுக்காரம்மா நகை அடகுல இருக்குண்ணேன்னு சொல்லும்போது அந்தத் தம்பிக்குக் குரலே வரல.

குறை இருந்தது டேங்க் மூடியில.

நான் பெருசா ஒண்ணும் பண்ணல, கேள்விதான் கேட்டேன். "தம்பி, கிளம்புனதுல இருந்தே இப்படியா, போகப்போகவா?" "போகப்போகத்தாண்ணே. டீ குடிக்க நிறுத்திட்டு எடுத்தா ஒரு 20 கிலோமீட்டர் நல்லாப் போகுது, அப்புறம் பழையபடி ஆயிருது." இந்த ஒரு வார்த்தை போதும். டேங்க்கிட்ட போய் மூடியைத் திருகுனேன், உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சு, பக்கத்துல நின்ன பையனுக்கே கேட்டுச்சு. டீசல் திருட்டுக்குப் பயந்து புதுசா பூட்டு மூடி வாங்கிப் போட்டிருக்கார், அது சரியா உக்காரல, டீசல் தெறிக்குதுன்னு அடியில பாலிதீன் கவரை நாலா மடிச்சு வச்சு இறுக்கிட்டார். காத்து ஓட்டை அடைஞ்சுபோச்சு. டேங்க்ல இருந்து எவ்வளவு டீசல் வெளிய போகுதோ அவ்வளவு காத்து உள்ள வரணும், வரலன்னா டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சித் தர்ற ஃபீட் பம்ப் எவ்வளவு நேரந்தான் மல்லுக்கட்டும்? வண்டி நின்னா காத்து பைய கசிஞ்சு உள்ள போகுது, திரும்ப ஓடும், திரும்ப சாகும். கவரை எடுத்துப் போட்டுட்டு ஓட்டையைக் குத்திவிட்டேன், அம்புட்டுதான் வேலை.

இப்ப நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறது இதுதான். இழுவை இல்லன்னதும் பம்ப்புன்னு சொல்றதை நிறுத்துங்க. ஓனர் சொல்றாரு பம்ப், டிரைவர் சொல்றாரு பம்ப், கூட வந்த மச்சானும் பம்ப்புங்கறாரு, வண்டி பட்டறைக்குள்ள நுழையும்போதே தீர்ப்பு எழுதிட்டுத்தான் வர்றீங்க. பம்ப்புக்குள்ள இருக்க எலிமெண்ட் ரெண்டு மூணு மைக்ரான் இடைவெளியில வேலை செய்யற சாமான், சுத்தமான டீசல் போச்சுன்னா அது லேசுல போகாது. ஒருநாள் ராத்திரில திடீர்னு போகவே போகாது. தேய்மானம்னா மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமாக் குறையும், எஞ்சின் சூடா இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், அதுக்குன்னு தனி அடையாளம் இருக்கு. நேத்து வரைக்கும் நல்லா இழுத்த வண்டி இன்னைக்கு இழுக்கலன்னா பம்ப்புக்கு டீசல் வந்து சேருதான்னு பாருங்க. சோறு போடாம மாட்டை அடிச்சா ஏர் நகருமா? பம்ப்பை இறக்குறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஏழெட்டு இருக்கு, அதுல பாதிக்கு ஸ்பானர்கூட வேண்டாம்.

முதல்ல புகையைப் பாருங்க. லோடோட ஏத்தத்துல ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சும் கரும்புகை இல்லாம வண்டி சும்மா சோந்துபோகுதுன்னா டீசல் பத்தல. கரும்புகை கக்கிக்கிட்டு இழுக்கலன்னா டீசல் இருக்கு, காத்துதான் பத்தல, இல்லன்னா நாசில் ஒழுகுது. அப்ப ஏர் கிளீனரைப் பாருங்க, டர்போ வண்டின்னா டர்போவுல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ்ல கிழிசல் இருக்கான்னு பாருங்க, புகைக்குழாயை அடைச்சு வண்டி வேகத்தைக் குறைக்கிற எக்சாஸ்ட் பிரேக்கோட பட்டர்ஃபிளை தகடு பாதி மூடுன மாதிரி ஸ்டக் ஆகி நிக்குதான்னு பாருங்க. கிளட்ச் ஸ்லிப் ஆகுறதையும், பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுறதையும் இழுவை இல்லன்னு கொண்டாந்தவங்க எத்தனையோ பேரு, இறங்கி டிரம் பக்கத்துல கைய கொண்டுபோனாலே எந்தச் சக்கரம் கொதிக்குதுன்னு தெரிஞ்சிரும்.

அப்புறம் ஒரு ஆள் கேபின்ல உக்காந்து ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிக்கட்டும், இன்னொரு ஆள் பம்ப் பக்கம் நின்னு லீவர் கடைசி வரைக்கும் போகுதான்னு பாக்கட்டும். மிதியடிக்குக் கீழ ரெண்டு மேட்டு போட்டு லீவர் முக்கால்வாசியோட நின்ன வண்டி நானே பாத்திருக்கேன். எஞ்சினை நிறுத்துற கேபிள் துருப்பிடிச்சு முழுசாத் திரும்பாம நிக்கிறதும் அதே மாதிரிதான், ஸ்டாப் லீவர் அரைகுறையா இழுத்தபடி இருந்தா பம்ப்புக்குள்ள டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் எப்படி முழுசாப் போகும்?

இதெல்லாம் சரியா இருந்தா கேன் போட்டுப் பாருங்க. நான் எந்த வண்டி வந்தாலும் பண்றது இது. சுத்தமான 10 லிட்டர் கேன்ல நல்ல டீசல், உள்ள ஓடுறது கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ட்யூப் ரெண்டு மீட்டர், ஃபீட் பம்ப்புக்கு டேங்க்ல இருந்து வர்ற லைனைக் கழட்டிட்டு இந்த ட்யூபை மாட்டி, கேனை நல்லாக் கட்டி வச்சு லோடோட ஒரு ஏத்தம் ஏறிப் பாருங்க. எக்சாஸ்ட் பக்கம் கேனைக் கட்டாதீங்க, அது உங்க உயிர். வண்டி பழையபடி இழுத்துச்சுன்னா பம்ப் நல்லா இருக்குன்னு அர்த்தம், குறை டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும்தான். டேங்க்குக்குள்ள இறங்குற பைப் நுனியில இருக்க ஜல்லடையில துணித்துண்டு, துரு, பாசி மாதிரி கொழகொழன்னு அடைச்சிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளிய புதுசு மாதிரி இருக்கும், உள்தோல் உரிஞ்சு தொங்கிக்கிட்டு, உறிஞ்சும்போது வால்வு மாதிரி மூடிக்கும். வெளிய தடவிப் பாத்துட்டு ஹோஸ் நல்லாருக்குன்னு சொல்லாதீங்க, கழட்டி ஊதிப் பாருங்க.

கேன் போட்டும் இழுக்கலன்னா ஃபில்டர் ரெண்டையும் பாருங்க, ரெண்டையும்னு சொல்றேன். துணி ஃபில்டரை டீசல்ல அலசிட்டு திரும்ப மாட்டுறதை விட்டுருங்கப்பா. அப்புறம் ஃபீட் பம்ப் வால்வு, ஸ்பிரிங், அதோட ஓவர்ஃபுளோ வால்வு. ஓவர்ஃபுளோ வால்வு ஸ்பிரிங் செத்துப்போச்சுன்னா பம்ப்புக்குள்ள அழுத்தமே நிக்காது, வர்ற டீசல் பூராம் ரிட்டர்ன்ல டேங்க்குக்கே போயிரும். சின்ன சாமான், அதுக்காக பம்ப் பூராம் பிரிச்ச கணக்கு எத்தனையோ.

அடுத்து டீசல் லைன் ஏர் எடுக்குற விஷயம், அதாவது வெளிக்காத்து உள்ள புகுறது. இதைச் சொன்னாலே சண்டைக்கு வர்றாங்க. "எங்கயும் டீசல் சொட்டலையே, அப்புறம் எப்படிண்ணே ஏர் எடுக்கும்?" இதை ஒருநாளைக்கு நாலு தடவை கேக்குறேன், அதனால விளக்கமாவே சொல்றேன். இளநி குடிக்கிற ஸ்ட்ராவுல நடுவுல ஒரு ஓட்டை இருந்தா இளநி வெளிய ஒழுகுமா? ஒழுகாது. உறிஞ்சுனா வாய்க்குக் காத்துதான் வரும். டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்க லைன் அதே ஸ்ட்ராதான், அங்க உறிஞ்சுது, தள்ளல. அந்தப் பக்கம் காப்பர் வாஷர் நசுங்கியிருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ ஓடும்போது காத்துதான் உள்ள போகும், டீசல் வெளிய வராது. ஈரம் இல்லைங்கறதை வச்சு லீக் இல்லன்னு முடிவு பண்ணவே முடியாது. ராத்திரி நிறுத்துன வண்டி காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுதுன்னா, லைன்ல இருந்த டீசல் அந்த ஓட்டை வழியா காத்து புகுந்து டேங்க்குக்கே இறங்கிருச்சுன்னு அர்த்தம். கண்ணாடி ட்யூப்ல குமிழ் ஓடுறதைப் பாத்தா நீங்களே நம்புவீங்க. அதுக்கு சோப்பும் எம்சீலும் அப்பாதீங்க. வாஷரை மாத்துங்க, பழைய வாஷரைத் திருப்பிப் போடாதீங்க. மாத்துனதுக்கு அப்புறம் உள்ள நிக்கிற காத்தை வெளியேத்தும்போது முதல்ல ஃபில்டர், அப்புறம் பம்ப், கடைசியா நாசில் பைப், இந்த வரிசை மாறக் கூடாது.

இப்ப இன்னொண்ணு கிளம்பியிருக்கு, புது டீசல் பழைய வண்டிக்கு ஒத்துக்கல, அதான் இழுவை இல்லைன்னு. 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு பூராம் பிஎஸ் 6 டீசல், கந்தகம் 10 பிபிஎம்தான், உண்மைதான். ஆனா வழுவழுப்பு இவ்வளவு இருக்கணும்னு அந்த டீசலுக்கும் அளவு போட்டுத்தான் வருது. அதைச் சாக்கா வச்சு டேங்க்ல எஞ்சின் ஆயில் ஊத்துறது, விலை குறையுதுன்னு மண்ணெண்ணெய் கலக்குறது ரெண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய்லதான் வழுவழுப்பு ரொம்பக் கம்மி, அந்த எலிமெண்ட் கீறல் விழுந்து சாகுறது அதனாலதான்.

பம்ப் ஸ்குரூவை ஏத்திவிடச் சொல்லி என்கிட்ட கேக்காதீங்க, பண்ண மாட்டேன். அந்தத் தம்பி வண்டியில ஏத்துனதை சீல் பண்ணுன அளவுக்கு இறக்கத்தான் எனக்கு ஒருநாள் ஆச்சு. டீசல் கூடுனா அதை எரிக்கக் காத்து எங்க இருந்து வரும்? கரும்புகையும் சூடும்தான் மிச்சம், பிஸ்டன் தலை உருகும், ஹெட்டுல வெடிப்பு விழும். 8 வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கு, இந்தப் புகையோட அங்க போய் நிக்கவும் முடியாது.

ஐப்பசி மழை வரும்போது ஃபில்டருக்கு அடியில இருக்க டிரெய்னைத் திறந்து தண்ணியை விடுங்க, காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, ஒரு டம்ளர்ல பிடிச்சுப் பாருங்க, தண்ணி அடியில தனியா நிக்கும். ராத்திரி டேங்க்கைக் காலியா நிறுத்தாதீங்க. பூட்டு மூடி வாங்கும்போது காத்து ஓட்டை இருக்கான்னு ஊதிப் பாத்து வாங்குங்க.

கடைசியா, கிளீனர் பசங்களுக்கும் பட்டறைக்குப் புதுசா வர்ற பசங்களுக்கும். எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாக்க நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணுவோம், அப்ப பீச்சுற இடத்துல விரலை வச்சுப் பாக்காதீங்க தம்பிகளா. அந்த டீசல் 200 பாருக்கு மேல வருது, லாரி டயர்ல இருக்க காத்தைவிட 20 மடங்குக்கும் அதிகம். தோலைத் துளைச்சு உள்ள போயிரும், வெளிய ஊசி குத்துன புள்ளி மாதிரிதான் தெரியும், வலியும் முதல்ல அவ்வளவா இருக்காது, உள்ள சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும். லீக் பாக்கணும்னா ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க. தப்பித்தவறி கையில பட்டுருச்சுன்னா மஞ்சள் வைக்கிறது, துணி சுத்துறது எதுவும் வேண்டாம், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, அழுத்தத்துல டீசல் உள்ள போயிருச்சுன்னு டாக்டர்கிட்ட அதே வார்த்தையில சொல்லுங்க.