கழுத்தில் கட்டி என்றால் டி.எஸ்.எச். மட்டும் போதாது

சென்ற வாரமும் ஒருவர் வந்தார். மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் அக்கா. கழுத்தில் கட்டி வந்து இரண்டு வருடம் ஆகிறது. கையில் ஐந்து லேப் சீட்டுகள், ஐந்திலும் டி.எஸ்.எச்., அதாவது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், சரியாகவே இருந்தது. "தைராய்டு நார்மல்தானே டாக்டரே, பிறகு எதுக்கு ஊசி?" என்று கேட்டார். கட்டியில் ஊசி போட்டு எடுத்த செல்களில் பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய். பக்கவாட்டில் நெறியும் கட்டியிருந்தது.

டி.எஸ்.எச். சொல்வது சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டும்தான். சுரப்பி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதற்குள் புற்றுநோய் வளரும். தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். ஐந்து முறை பார்த்தாலும் ஐம்பது முறை பார்த்தாலும் அந்தச் சீட்டு கட்டி புற்றுநோயா இல்லையா என்று சொல்லாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், 'கேன்சர் மார்க்கர்' என்று தைரோகுளோபுலின் பார்த்துவிட்டு, அளவு கூடியிருக்கிறதென்று அழுதுகொண்டே வருகிறார்கள். அது நல்ல தைராய்டும் சுரக்கும் புரதம். சாதாரணக் கழலையிலும் கூடும், சுரப்பி அழற்சியிலும் கூடும். புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுதாக எடுத்த பிறகுதான் அதற்கு மதிப்பு. அப்போது அது ஏறிக்கொண்டே போனால் நோய் திரும்பியிருக்கலாம். கூடவே அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டலாம். முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டாலும் ரத்தப் பரிசோதனை அளவு தவறாக வரலாம்; அதைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

தைராய்டு புற்றுநோயில் ரத்தமே நேராகப் பதில் சொல்லும் வகை ஒன்று உண்டு, மெடுல்லரி. அதில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடும். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது பரம்பரையாக வருவது. அந்த வகை உறுதியானால் நோயாளிக்கு ரெட் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி முதலில் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதில் சந்தேகம் என்றால் ஊசி. மெல்லிய ஊசிதான். 'குத்தினால் பரவிவிடும்' என்ற பயத்தில் வருடக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. அதோடு, பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயே அல்ல.

ஊசி முடிவை பெதஸ்டா முறையில் ஆறு வகையாகப் பிரிக்கிறோம். மூன்றும் நான்கும்தான் புற்றுநோயா இல்லையா என்று எங்களுக்கே குழப்பம். அங்கேதான் செல்லில் மரபணு பார்ப்பது உதவும். பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் ஏறக்குறைய உறுதியாகப் பாப்பிலரி. இல்லை என்றால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமில்லை. ராஸ் என்ற மரபணுவின் மாற்றமோ புற்றுநோய் அல்லாத சாதுவான கட்டியிலும் வரும். ஃபாலிகுலர் என்ற இன்னொரு வகையில், புற்றுநோயா என்று அறியக் கட்டியின் உறையைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அது ஊசியில் தெரியாது, கட்டியை எடுத்துத்தான் பார்க்க முடியும்.

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். செல்கள் வைத்த கண்ணாடி ஸ்லைடுகளையும், ஆபரேஷன் ஆகியிருந்தால் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கட்டியில் மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால் பெரும்பாலும் அந்த பிளாக்கில் இருந்துதான் செய்வார்கள்.

அந்த அக்காவுக்கு வரும் வாரம் ஆபரேஷன். தைரோகுளோபுலின் பார்க்க வேண்டிய நேரம் அவருக்கு அதற்குப் பிறகுதான் வரும்.