பெட்ரோலுக்குள்ளயே மூழ்கி ஓடுற மோட்டார்: ஃப்யூல் பம்ப் மாத்துறதுக்கு முன்னாடி இத தெரிஞ்சுக்கங்க

சாவிய ஆன்ல வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணாம பின் சீட்டுப் பக்கம் காது குடுத்துக் கேளுங்க, நிறைய பெட்ரோல் கார்ல ரெண்டு செகண்ட் ம்ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்து நின்னுடும். அதுதான் ஃப்யூல் பம்ப், டேங்க்லேர்ந்து எஞ்சினுக்கு பெட்ரோல் அனுப்புறது. எஞ்சின் சுத்துறதுக்கு முன்னாடியே லைன்ல பிரஷர் ஏத்தி வைக்குது.

பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) வண்டில பம்ப் எஞ்சின்லயே இருக்கும், அங்கேர்ந்து டேங்க் பெட்ரோல உறிஞ்சும், 5 பிஎஸ்ஐ (டயர் காத்து அளக்குற அதே அளவு) வாக்குல பிரஷர் இருந்தாலே ஓடிரும். இப்ப வர்ற வண்டில பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டருக்கு அது பத்தாது, சாதாரணமா 40லேர்ந்து 60 பிஎஸ்ஐ வேணும். அதோட உறிஞ்சுறதுல ஒரு சிக்கல் இருக்கு, உறிஞ்சுற பக்கம் பிரஷர் குறையும், குறைஞ்சா பெட்ரோல் சீக்கிரமே கொதிச்சு ஆவியாகும், ஆவி புகுந்துட்டா பம்ப் வெறுமனே சுத்திக்கிட்டு இருக்கும், பெட்ரோல் நகராது. அதான் பம்ப்ப டேங்குக்குள்ளயே இறக்கி, உறிஞ்சாம தள்ள விட்டாங்க.

இப்ப எல்லாருக்கும் வர்ற பயம், பெட்ரோலுக்குள்ள கரன்ட் மோட்டாரா? ஆமா, உள்ள சுத்துற பாகத்துக்கு கரன்ட் குடுக்குற கார்பன் பிரஷ் இருக்கு, பொறி கூட வரும், பெட்ரோல் அந்த மோட்டாருக்குள்ள புகுந்துதான் வெளிய போகுது, அதுதான் மோட்டார குளிர வைக்கிறதும். ஆனா பெட்ரோல் ஆவி காத்துல ஏறக்குறைய 1.4லேர்ந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தாத்தான் தீ பத்தும். பம்ப்புக்குள்ள காத்தே இல்ல, டேங்க்ல மேல இருக்குற காலி இடத்துல பொதுவா ஆவி அந்த அளவையும் தாண்டி நிறைஞ்சு கிடக்கும். மூடி இருக்குற வரைக்கும் பத்திரம். நீங்க மூடிய திறக்குறீங்க பாருங்க, அப்பதான் வெளிக்காத்து கலந்து பத்துற அளவுக்கு வருது. அந்த ஆவி காத்த விட கனம், தரையோட தரையா பரவிப்போகும், தூரத்துல எரியுற ஒரு சின்ன ஜுவால கூட போதும். அதனால மூடின ஷெட்டுக்குள்ள, குழிக்குள்ள இந்த வேலைய தயவுசெஞ்சு செய்யாதீங்க. வெட்டவெளில செய்யுங்க, நெருப்பணைப்பான் பக்கத்துல இருக்கட்டும்.

பம்ப்தான் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஃப்யூஸ், ரிலே (பம்ப்புக்கு கரன்ட் விடுற சுவிட்ச்) பாருங்க, கனெக்டர்ல வோல்டேஜ் வருதா எர்த் சரியா இருக்கான்னு பாருங்க. பாதி நேரம் நல்ல பம்ப்பத்தான் கழட்டுறோம்னு எனக்குத் தோணும். மேட்டுல ஏறுறப்பவோ வேகமா போறப்பவோ மட்டும் இழுவை விடுதுன்னா பிரஷர் கேஜ் போட்டுப் பாத்துட்டு முடிவு எடுங்க.

டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்குற நாளா பாத்து ஆரம்பிங்க. பம்ப் ரிலேய புடுங்கிட்டு எஞ்சின ஓட விட்டா லைன்ல இருக்குறத குடிச்சுட்டு தானா நின்னுடும், பிரஷர் இறங்கிரும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. சில கார்ல பின் சீட்ட தூக்குனாலே பம்ப் மூடி தெரியும், சிலதுல டேங்கையே இறக்கணும், அது தனியாளா செய்யுற வேலை இல்ல. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டின்னா (சிலிண்டருக்குள்ளயே நேரா பெட்ரோல் பீச்சுற வகை) எஞ்சின் கிட்ட இன்னொரு பம்ப் இருக்கும், அது 100, 200 பார் (ஒரு பார்னா 14.5 பிஎஸ்ஐ வாக்குல) பிரஷர்ல தள்ளுறது, அந்த லைன்ல கையே வைக்காதீங்க.

மூடி மேல வருஷக்கணக்கா படிஞ்ச மண்ண முதல்ல சுத்தமா தொடைங்க, இல்லன்னா அவ்வளவும் டேங்குக்குள்ள விழும். மூடிய பிடிச்சிருக்குற லாக் ரிங்க தட்டிக் கழட்ட பித்தளைத் துண்டு வச்சுக்கங்க, இரும்பு வச்சு அடிச்சா பொறி பறக்கும். தூக்குறப்ப நேரா இழுக்காம சாய்ச்சு எடுங்க, பெட்ரோல் அளவு பாக்குற மிதவையோட கம்பி (ஃப்ளோட் கம்பி) விளிம்புல மாட்டி வளைஞ்சுட்டா அப்புறம் மீட்டர் தப்பாத்தான் காட்டும். அடில இருக்குற வலை ஃபில்டர்ல துருவும் சேறும் அப்பியிருந்தா டேங்க கழுவாம புது பம்ப்ப போடாதீங்க, அதுவும் அதே மாதிரி அடைச்சு செத்துப்போகும். மூடிக்கு அடில கசிவு தடுக்குற ரப்பர் வளையம், அதான் ஓ ரிங், கட்டாயம் புதுசு போடுங்க.

மாட்டி முடிச்சு ரிலேயயும் திரும்ப போட்டு பேட்டரி குடுத்ததும் ஸ்டார்ட் பண்ணிடாம சாவிய மூணு நாலு தடவ ஆன் ஆஃப் பண்ணுங்க, சீட்ட போடாம கசிவு இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு தடவ டேங்க் ஃபுல் பண்ணிட்டு மறுபடி மோந்து பாருங்க, ஓ ரிங் சரியா உக்காரலன்னா அப்பதான் தெரிய வரும்.